அரிசி நாட்டின் இருதயம்

இருதய நோயைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது நெய்யும் வெண்ணெயும் மாமிசமும் தாராளமாக உண்ணும் செல்வர்களுக்கு உரிய வியாதி என்றும், சோறும் குழம்பும் மோருமாக எளிய ஆகாரம் கொண்டு வாழும் காவிரிக்கரை வாசிகளை அது சுலபத்தில் அணுகாது என்றும் நெடுங்காலமாக ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருந்தது. அந்த அபிப்பிராயத்தை வன்மையாக அசைத்தவர்களுள் ஒருவர், மேற்கு ரயில்வேயில் தலைமை மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றிய டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா. இந்திய ரயில்வேயில் உழைத்த பதினொன்றரை லட்சம் ஊழியர்களுள், 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்டவர்களில், 1958 முதல் 1962 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பினால் மாண்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள் என்று கணக்கெடுத்து, 1967ஆம் ஆண்டு பிரிட்டனின் இருதய மருத்துவ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையைப் படித்தவர்கள் திகைத்திருப்பார்கள். பாலும் நெய்யும் வெண்ணெயுமாக வாழ்ந்த பஞ்சாபியரைவிடத் தென்னிந்திய ஊழியர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. அதே சமயத்தில், பஞ்சாபியர் உண்ட கொழுப்போ தென்னிந்தியர் உண்டதைப் போல் 8 முதல் 19 மடங்கு வரை இருந்தது. அதிலும் பெரும்பகுதி பிராணிகளிடமிருந்து கிடைத்த கொழுப்பு.

இத்தகைய ஆராய்ச்சிக்கு ரயில்வே ஊழியர்களைப் போல் வாய்ப்பான ஜன சமூகம் வேறு கிடைப்பது அரிது. ஒரே முதலாளி, ஒரே விதமான சம்பள வரிசை, ஒரே மருத்துவ ஏற்பாடு, ஒரே பதிவேடு என்றிருக்க, மாறுபடுவன பிரதேசமும் பழக்கவழக்கங்களும் மட்டுமே. காவிரி டெல்டாவுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் இணைத்த இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. நாகையில் இருந்த பெரிய ரயில் பட்டறை 1920களின் இறுதியில் திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாறியபோது, கீழத்தஞ்சைக் குடும்பங்கள் பலவும் அதனோடு பொன்மலைக்குக் குடிபெயர்ந்தன. தென்னக ரயில்வேயின் பதிவேட்டில் இடம் பெற்ற அந்தத் தொழிலாளிகளும் எழுத்தர்களும் அரிசியையே பிரதான ஆகாரமாகவும், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்ற வித்து எண்ணெய்களையே கொழுப்பாகவும் கொண்டு வளர்ந்தவர்கள்.

மல்ஹோத்ரா தம் முடிவுக்குக் கூறிய காரணங்களைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பாற்கொழுப்பில் அடங்கிய குறுகிய கொழுப்பு அமிலங்களையும், ரொட்டியை நன்றாக மென்று தின்னும் பழக்கத்தையும் அவர் பெரிதாகப் போற்றினார். அக்காலத்தில் மரணக் காரணத்தைக் குறிப்பதில் ஊருக்கு ஊர் வேற்றுமை இருந்திருக்கக்கூடும் என்பதையும் நாம் மறக்கலாகாது. நெய் இருதயத்தைக் காக்கும் என்று அவர் கணக்கிலிருந்து முடிவு கட்டுவது பெரும் பிழை. ஏனெனில், 2016ஆம் ஆண்டின் நிலவரத்தைப் பற்றிய மாநிலவாரி ஆய்வொன்று, இருதய இரத்தக் குழாய் நோய்கள் மிகுந்த மாநிலங்களாகக் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் குறித்ததோடு, அதே வரிசையில் பஞ்சாபையும் சேர்த்தே குறித்தது. ஆயினும் மல்ஹோத்ராவின் கணக்கு எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. கொழுப்பைக் குறைவாக உண்ட மக்களின் இருதயம் ஏன் இளம் வயதிலேயே தளர்ந்தது? இதற்கு விடை தேடுமுன், கொலஸ்ட்ரால் என்னும் வஸ்து யாது, அது குற்றவாளிதானா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம்.

கொலஸ்ட்ரால் விஷமன்று. நம் தேகத்திலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் அது இருக்கிறது. பித்தநீரும், ஆண்மை பெண்மைச் சுரப்பிகளின் ரசங்களும், வெயிலில் தோலில் உண்டாகும் டி வைட்டமினும் அதையும் அதன் இனப் பொருள்களையும் மூலமாகக் கொண்டே தோன்றுகின்றன. இத்தனை அவசியமானதாகையால், நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஈரல் அதை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. உடலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி உள்ளே தயாராவதே. ஒரு கோழி முட்டையில் இருக்கும் 200 மில்லிகிராமுக்கும் குறைவான கொலஸ்ட்ராலைக் கண்டு அஞ்சி மஞ்சள்கருவை எறிந்துவிட்டு, மூன்று முறை சோறு போட்டு உண்பவர்களின் அச்சம் இடம் மாறி நிற்கிறது என்பதை இந்த ஒன்றிலிருந்தே ஊகிக்கலாம்.

எண்ணெய்த் தன்மையுள்ள கொலஸ்ட்ரால் நீர்த்தன்மையுள்ள இரத்தத்தில் கரையாது. ஆகவே புரதப் போர்வை போர்த்த நுண்ணிய உருண்டைகளில் ஏறியே அது பிரயாணம் செய்கிறது. ஈரலிலிருந்து உடலெங்கும் சுமந்து செல்லும் உருண்டைகளில் முக்கியமானது எல்.டி.எல்.; திசுக்களிலிருந்து திரும்ப ஈரலுக்குக் கொண்டு சேர்ப்பதில் பங்குகொள்வது எச்.டி.எல். எல்.டி.எல். மிகுந்தால் இரத்தக் குழாய் அடைபடுகிறது என்பதை வாய்க்காலில் வண்டல் படிவதாக உவமித்துச் சொல்வது வழக்கம். அந்த உவமை உண்மைக்குப் பொருந்தாது. ஆற்றங்கரைக்குள் நீர் கசிந்து புகுந்து, உள்ளிருந்தே மண்ணை இளக்கி, ஒருநாள் கரையை உடைத்துவிடுவதைக் கொள்ளிடக் கரையில் வாழ்வோர் அறிவார்கள், எல்.டி.எல். உருண்டைகளும் அவ்வாறே குழாயின் உட்சுவருக்குள் புகுந்து தங்கி, அழற்சியை எழுப்பி, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்ந்து, ஒரு நாள் அந்த இடம் வெடிக்க, அதன்மேல் இரத்தம் உறைந்து பாதையை அடைத்துவிடுகிறது. அதுவே மாரடைப்பு. நேற்றுவரை நன்றாக நடமாடியவர் இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதற்குக் காரணமும் இதுவே.

இந்த வழக்கில் சாட்சியங்கள் நூறாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்தவை. 1913ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ், முட்டை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்கு ஊட்டி, அவற்றின் தமனிகளில் மனிதரிடம் காண்பதைப் போன்ற கொழுப்புத் திட்டுகளை உண்டாக்கிக் காட்டினார். எல்.டி.எல். உருண்டையைப் பற்றி இழுத்து உள்ளே கொள்ளும் வாயில்கள் உயிரணுக்களின் மேல் இருக்கின்றன என்பதையும், பிறவியிலேயே அந்த வாயில்கள் குறைந்தவர்களுக்கு இளமையிலேயே மாரடைப்பு வருகிறது என்பதையும் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களுக்குச் சமமாகப் போற்றத்தக்க ஒருவர், ஜப்பானின் வடபகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1933இல் பிறந்த அக்கிரா எண்டோ. ஈரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதைத் தடுக்கும் பொருள் ஏதேனும் ஒரு பூஞ்சையில் இருக்கக்கூடும் என்று நம்பி, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைப் பொறுமையாகச் சோதித்த அவர், இறுதியில் அதைக் கண்டெடுத்தது கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில். ஸ்டாட்டின் என்னும் மருந்தினம் அதிலிருந்தே தோன்றியது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இருதய நோயுற்ற 4,444 பேருள் ஸ்டாட்டின் உண்டவர்களிடையே மரணம் 30 சதவீதம் குறைந்தது. ஆகவே கொலஸ்ட்ரால் குற்றவாளியே அன்று, எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் கட்டுக்கதை என்று இப்போது பரவிவரும் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் தங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

இவ்வளவும் உண்மையாயிருக்க, நம் பிரதேசத்து நோயாளிகளின் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இன்னொரு விஷயம் காத்திருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் வெள்ளையர்களுக்கு இருப்பதைவிட அதிகமாக இராது. பல சமயங்களில் குறைவாகவே இருக்கும். ஆனால் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு உயர்ந்தும், எச்.டி.எல். தாழ்ந்தும், வயிறு முன் தள்ளியும், இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டும் இருக்கும். இந்தக் கூட்டு இந்திய வம்சத்தாரை எங்கே போனாலும் தொடர்ந்து செல்கிறது. நாகப்பட்டினத்துத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பலேறிச் சென்ற தமிழர்களின் சந்ததியைப் பற்றி நமக்கு ஒரு பழைய சான்று உண்டு. தமிழ் மருத்துவரும், பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவராக விளங்கியவருமான டி. ஜே. தனராஜ், சிங்கப்பூரில் நடந்த பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே ஊரில் ஒரே காலத்தில் வாழ்ந்த சீனர்களைக் காட்டிலும் இந்தியர்களிடம் இருதயத் தமனி நோய் பல மடங்கு மிகுந்திருப்பதை எடுத்துக் காட்டினார். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வோ, முதல் மாரடைப்பு வரும் வயது பிற நாட்டாருக்குச் சராசரி 59 என்றால் தெற்காசியருக்கு 53 என்று கணக்கிட்டது. ஆறு ஆண்டுகள் என்பது, குழந்தைகளின் படிப்பும் கல்யாணமும் முடியாத பருவத்தில், ஒரு குடும்பத்துக்கு எத்துணை பெரிய காலம்!

அரிசிக்கும் இருதயத்துக்கும் உள்ள வழக்கு இன்று தொடங்கியதன்று. நீராவி ஆலைகளும் எண்ணெய் இயந்திர ஆலைகளும் வந்து, நெல்லின் உமியோடு அதன் தவிட்டுப் படலத்தையும் அடியோடு உரித்து வெள்ளை முத்தாகத் தீட்டத் தொடங்கிய காலத்தில், பெரிபெரி என்னும் நோய் ஆசியாவெங்கும் தலைவிரித்தாடியது. அதன் ஒரு வகை, இருதயம் வீங்கித் தளர்ந்து, கால்களில் நீர் கோத்து ஆளை மாய்ப்பது. நீலகிரியின் குன்னூரில் ஆகார ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசனும், அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டும் இந்த விஷயத்தைத் துருவி ஆராய்ந்தார்கள். பச்சரிசியைத் தீட்டி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்ததையும், நெல்லை அவித்துப் புழுக்கிக் குத்தும் வழக்கமுள்ள தமிழ் மாவட்டங்களில் அது பரவாததையும் கண்டார்கள். புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிமணியின் உள்ளே ஊறிவிடுவதே இதன் ரகசியம். தஞ்சைப் பெண்கள் அண்டாவில் நெல் அவித்த அடுப்படி, அவர்கள் அறியாமலே லட்சக்கணக்கான இருதயங்களைக் காத்து நின்றது.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியடிகளின் வழியில் 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது, கைக்குத்தல் அரிசிக்காக ஓயாமல் வாதாடினார். உரலும் உலக்கையும் கிராமப் பெண்களுக்குக் கூலி தருவதோடு, உண்பவருக்கு ஆரோக்கியமும் தருகின்றன என்பது அவர் கட்சி. அக்கட்சி தோற்றது. ஊர்தோறும் ஆலைகள் எழுந்தன. தவிடு ஆலையிலிருந்து எண்ணெய் எடுக்கும் தொழிற்சாலைக்குப் போய், தவிட்டு எண்ணெய் என்ற பெயரோடு, இருதயத்துக்கு நல்லது என்ற விளம்பரத்தோடு, புட்டியில் அடைபட்டுத் திரும்பவும் மளிகைக் கடைக்கு வந்து சேருகிறது. சோற்றிலேயே இலவசமாக இருந்ததைக் களைந்துவிட்டு அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

தவிடு நீங்கிய அரிசி ஜீரணத்தில் விரைந்து சர்க்கரையாகிறது. இரத்தத்தில் வெள்ளமாகப் பெருகும் அச்சர்க்கரையைத் திசுக்களுக்குள் செலுத்த இன்சுலின் பெருகுகிறது. தசைகள் உழைத்து அதை எரிக்குமானால் தீங்கில்லை. எரிக்காதபோது, மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக மாற்றி, டிரைகிளிசரைடாக இரத்தத்தில் அனுப்புகிறது. இந்த டிரைகிளிசரைடு நிறைந்த உருண்டைகள், எச்.டி.எல்லோடும் எல்.டி.எல்லோடும் சரக்குகளைப் பண்டமாற்றுச் செய்துகொள்கின்றன. அதன் பயனாக எச்.டி.எல். விரைவில் அழிந்து குறைகிறது, எல்.டி.எல். சிறுத்து அடர்ந்து, தமனிச் சுவருக்குள் எளிதில் புகத்தக்க வடிவம் பெறுகிறது. நெய்யைத் தொடாமலே கொழுப்பு மிகும் மர்மம் இதுதான். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சிகள், தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்பவர்களிடம் இடுப்புச் சுற்றளவும் டிரைகிளிசரைடும் உயர்ந்தும் எச்.டி.எல். குறைந்தும் இருப்பதைக் காட்டியிருக்கின்றன. பருமனான சிலரைக் கொண்டு அவர்களே நடத்தி 2014இல் வெளியிட்ட ஒரு சிறு பரிசோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு நீங்காத அரிசியை உண்டபோது, இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

அரிசியைக் குறை கூறும்போது ஜப்பானை மறக்கலாகாது. ஏழு நாடுகளில் இருதய நோயை ஒப்பிட்டு 1958இல் தொடங்கிய ஆன்சல் கீஸின் புகழ்பெற்ற ஆய்வில் மிகக் குறைந்த நோய் கண்ட இடங்களுள் ஜப்பானின் தனுஷிமாருவும் உஷிபுக்காவும் இருந்தன. அவை வெள்ளரிசி உண்ணும் விவசாயிகளும் மீனவர்களும் வாழ்ந்த ஊர்கள். அவர்கள் மீனும் சோயாவும் காய்கறியும் சேர்த்து உண்டார்கள். நாள் முழுவதும் உழைத்தார்கள். ஆகவே குற்றம் அரிசிமணியில் மட்டும் இல்லை. இலையில் அதன் அளவிலும், அதனோடு எது சேருகிறது, எது சேரவில்லை என்பதிலும், உண்ட பின் உடல் என்ன செய்கிறது என்பதிலும் இருக்கிறது.

இங்கே காவிரி நாட்டின் மாறுதலைச் சிந்திக்க வேண்டும். குறுவையும் சம்பாவும் தாளடியும் மனிதக் கையால் நடந்த காலத்தில், நாற்றுப் பறித்தலும் நடவும் களையெடுப்பும் அறுப்பும் கட்டுச் சுமந்து களம் சேர்த்தலும் தசைகளை நாள் முழுவதும் எரியவைத்தன; ஒரு தூக்குப் பழைய சோறு நீராகாரத்தோடு இறங்கி உச்சிப்பொழுதுக்குள் செலவாகிவிட்டது. இன்று உழவு டிராக்டராலும், அறுவடையும் கதிரடிப்பும் ஒரே இயந்திரத்தாலும் நடைபெறுகின்றன. வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வரப்பில் நின்று பார்த்துத் திரும்புகிறார்கள். அந்தக் கொடிய உழைப்பு குறைந்ததை நான் வரவேற்கிறேன். குனிந்து நட்ட முதுகுகளின் வேதனையை அறிந்தவர் யாரும் அது மீண்டும் வரவேண்டும் என்று விரும்பமாட்டார். ஆனால் உழைப்புக்கென்று அளந்த சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. காலையில் இட்லி தோசை, மதியம் குழம்புக்கும் ரசத்துக்கும் மோருக்குமாக மூன்று தடவை சோறு, இரவு மறுபடியும் டிபன்; இடையிடையே சர்க்கரை மிகுந்த காப்பி; கல்யாணத்துக்குக் கல்யாணம் திருவையாற்று அசோகா அல்வா. இதனோடு வெற்றிலையில் புகையிலையையும் சேர்த்து மடிக்கும் வழக்கம், இருதயத்துக்குத் தனியே ஒரு பகை.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். கொலஸ்ட்ரால் இல்லாதது என்று கடலை எண்ணெய்ப் புட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் பொருட்படுத்தத்தக்க கொலஸ்ட்ரால் கிடையாது. கவனிக்க வேண்டியது பூரிதக் கொழுப்பின் அளவு. ரேஷன் கடைப் பாமாயிலில் அது ஏறக்குறைய பாதி, நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. எல்லாவற்றிலும் கொடியது வனஸ்பதியில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு. 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் வரையறுத்துவிட்டது. ஆனால் பஜ்ஜிக் கடைச் சட்டியில் பல முறை காய்ந்து கருத்த எண்ணெயை எந்தச் சட்டமும் கடைக்குக் கடை வந்து பார்க்காது. அது நம் பொறுப்பு.

பாரம்பரிய நெல்லைப் பற்றி இப்போது எழுந்துள்ள உற்சாகம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பழைய ரகங்களைத் தேடிச் சேர்த்துப் பரப்பியது, தேசம் நன்றியோடு நினைக்க வேண்டிய தொண்டு. ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவையும் ஆலையில் வெள்ளையாகத் தீட்டிவிட்டால் பெயர் மட்டுமே மிஞ்சும். தீட்டாமல் உண்டாலும், அளவின்றி உண்டால் அதுவும் சர்க்கரையே. எந்த நெல்லும் மருந்துக்கு ஈடாகாது. நான் கேட்டுக்கொள்வது எளிய மாறுதல்: முதல் தடவைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டு, காலியான இடத்தில் கூட்டும் கீரையும் சுண்டலும் இலையை நிரப்பட்டும். சம்பா அறுவடைக்கு முன் ஈரம் காயாத வயலில் தூவும் உளுந்தும் பச்சைப்பயறும் நம் மண்ணிலேயே விளைகின்றன. அவற்றை விற்றுவிட்டு அரிசியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவது ஏன்? மீன் உண்பவர்களுக்கு நாகைக் கடலும் ஊர்க் குளங்களும் இருக்கின்றன; அதைப் பொரிக்காமல் குழம்பில் இட்டால் போதும். இரவு உணவுக்குப் பின் தெருவில் அரைமணி நடப்பதற்குக் காசு வேண்டாம்.

நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும், தந்தைக்கோ தமையனுக்கோ இளமையில் மாரடைப்பு வந்திருந்தால் அதற்கு முன்பே, இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துத் திருப்தியடையாமல், எல்.டி.எல்., டிரைகிளிசரைடு, எச்.டி.எல். மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80க்கும் மேற்பட்டால் அதுவே ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் பாரமோ, இடக்கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையும் மூச்சுத் திணறலுமோ தோன்றினால், வாயுப் பிடிப்பு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டு ஒரு நிமிஷத்தையும் வீணாக்கலாகாது. தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் அட்டர்வாஸ்டாட்டினுமாக 14 மாத்திரைகள் முதலுதவிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊருக்கு அண்மையில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது, இரவில் 108 வண்டி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை இன்றே விசாரித்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.